சொல்லே அரணாக

1554ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆம் நாள். தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டரில், அரண்மனை அறை ஒன்றில், இருபது வயது இளவரசி ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வாயிலில் பிரபுக்கள் இருவர் காத்து நின்றனர். கீழே துறையில் படகு காத்திருந்தது. அப்படகு அவரைக் கொண்டுசெல்லவிருந்த இடம் லண்டன் கோபுரம் எனப்படும் சிறைக்கோட்டை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இளவரசியின் அன்னை தலை வெட்டுண்டது அக்கோட்டையின் மதிலுக்குள்ளேதான். உறவுப்பெண் ஜேன் கிரே அங்கே வெட்டுண்டு ஐந்து வாரங்கூட ஆகவில்லை.

கடிதம் அரசியாக இருந்த தமக்கை மேரிக்கு. தாம் கலகக்காரரோடு சேர்ந்தவர் அல்லர் என்பதும், நேரில் கண்டு பேச ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்பதுமே அதன் சாரம். முதற்பக்கத்தில் எழுத்துகள் பயின்ற கையின் ஒழுங்கோடு நிற்கின்றன. இரண்டாம் பக்கத்தில் அந்த ஒழுங்கு குலைகிறது. அடித்தல்களும் பிழைகளும் தென்படுகின்றன. ஆயினும் எழுதியவர் நிதானம் இழக்கவில்லை. கையொப்பத்திற்கும் கடைசி வரிக்கும் இடையே எஞ்சிய வெற்றிடம் முழுவதும் சாய்கோடுகள் இழுத்தார். பிறர் எவரும் அங்கே ஒரு சொல்லைச் சேர்த்துத் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. எழுதி முடிப்பதற்குள் ஆற்றில் ஓதம் மாறிவிட்டது. பழைய லண்டன் பாலத்தின் குறுகிய வளைவுகளினூடே நீர் சீறிப் பாயும் அவ்வேளையில் படகு செல்ல இயலாது. ஒரு நாள் கிடைத்தது. மேரியின் மனம் இளகவில்லை. மறுநாள் குருத்தோலை ஞாயிறன்று அவர் கோட்டைக்குள் கொண்டுசெல்லப்பட்டார்.

கடிதம் எழுதி ஒரு நாளைப் பெற்ற அந்த இளவரசி, நான்கரை ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் அரசியாகி, நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டார். முதலாம் எலிசபெத் என வரலாறு அவரைக் குறிக்கிறது. ஷேக்ஸ்பியரும் மார்லோவும் ஸ்பென்சரும் சிட்னியும் எழுதிய காலம் அவர் காலம். ஆங்கிலக் கவிதையின் பொற்காலம் என அதனைப் புகழாதார் இல்லை. ஆயினும் சொல்லின் வலிமையை நன்குணர்ந்த ஓர் அரசியிடம் சொல்லை ஆள்வோர் என்ன பெற்றனர் என்ற வினாவுக்கு விடை அத்தனை எளிதன்று.

எலிசபெத் 1533ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் கிரீனிச் அரண்மனையில் பிறந்தார். தந்தை எட்டாம் ஹென்றி ஆண்மகவை எதிர்பார்த்திருந்தார். ஆன் பொலினை மணப்பதற்காகவே அவர் முதல் மனைவியை விலக்கினார். ரோமாபுரித் திருச்சபையோடும் முறித்துக்கொண்டார். அத்தனை பாடுபட்டு மணந்தவளுக்குப் பெண் பிறந்தது. 1536ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் ஆன் பொலினின் தலை வீழ்ந்தபோது குழந்தைக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. மணமே செல்லாது என்றாக்கப்பட்டமையால் இளவரசி என்ற பட்டமும் பறிபோனது. எலிசபெத் தம் வாழ்நாளில் அன்னையைப் பற்றி வெளிப்படப் பேசியதாகப் பதிவுகள் மிக அரியவை. ஆனால் அவர் அணிந்திருந்த மோதிரம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு சிற்றுருவங்கள்: ஒன்று எலிசபெத், மற்றொன்று ஆன் பொலின் என்றே பலரும் கருதுகின்றனர்.

தாயற்ற அக்குழந்தைக்குக் கல்வியே துணையாயிற்று. இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகியன இளமையிலேயே வசப்பட்டன. ஆசிரியர் ரோஜர் ஆஸ்கம் கையாண்ட முறை மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அறியத்தக்கது. சிசரோவின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். பின்னர் மூலத்தை மூடிவைத்துவிட்டு அந்த ஆங்கிலத்தைத் திரும்ப இலத்தீனுக்குக் கொண்டுவர வேண்டும். இறுதியில் சிசரோவின் சொல்லோடு தம் சொல்லை ஒப்பிட வேண்டும். நாளும் செய்த இப்பயிற்சி, ஒரு சொல்லுக்கும் அதன் அண்டைச் சொல்லுக்கும் உள்ள எடை வேறுபாட்டை அவருக்குக் கற்றுத்தந்தது. பதினொரு வயதில், நவார் நாட்டு அரசி மார்கரெட் பிரெஞ்சில் பாடிய சமயக் கவிதையை ஆங்கில உரைநடையில் பெயர்த்து, சிற்றன்னை கேத்தரின் பாருக்குப் புத்தாண்டுப் பரிசாக அளித்தார். அந்தச் சிறு கைப்பிரதி, அவரே பூவேலை செய்ததாகக் கருதப்படும் துணியுறையோடு, ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது.

கற்ற சொல் உயிர்காக்கும் கருவியாக மாறியது பதினைந்தாம் வயதில். கேத்தரின் பார் மறைந்தபின், அவருடைய கணவர் தாமஸ் சீமோர் இளவரசியை மணந்து அதிகாரம் பெறத் திட்டமிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டார். 1549இல் எலிசபெத்தின் செவிலியும் கணக்கரும் சிறைப்பட்டனர். ஹாட்பீல்டு மாளிகையில் அவரை விசாரிக்க அதிகாரி ஒருவர் அனுப்பப்பட்டார். நாட்கணக்கில் கேள்விகள். அச்சுறுத்தியும் ஆசைகாட்டியும் பார்த்த அவ்வதிகாரி ஒன்றும் பெறமுடியாமல், இச்சிறுமி மிகுந்த கூர்மதி உடையவள் என மேலிடத்துக்கு எழுதவேண்டியதாயிற்று. தம்மைப் பற்றிப் பரவிய அவதூற்றை மறுத்து அரசே அறிக்கை வெளியிட வேண்டும் எனக் கோரியும் எலிசபெத் எழுதினார். சீமோர் தலை இழந்தார். இளவரசி தப்பினார்.

1554ஆம் ஆண்டுச் சிறைவாசத்திற்குக் காரணமான கலகத்தை நடத்தியவர் இளைய தாமஸ் வயாட். அவருடைய தந்தையோ, ஈரேழு அடிச் சானட் வடிவத்தை இத்தாலியத்திலிருந்து ஆங்கிலத்திற்குக் கொணர்ந்த கவிஞர் தாமஸ் வயாட். அக்கவிஞரும் ஆன் பொலினின் வழக்கில் 1536இல் இதே கோட்டையில் அடைபட்டு மீண்டவர். தாய் வீழ்ந்த நாட்களில் கவிஞர் சிறையில். மகள் சிறைப்படக் காரணம் கவிஞரின் மகன். இளைய வயாட் வெட்டுமேடையில் நின்று, எலிசபெத்துக்குத் தம் கலகத்தில் பங்கில்லை என அறிவித்துவிட்டே மாண்டார். சான்று ஏதும் கிட்டாமையால் மே 19ஆம் நாள், அதாவது அன்னை மாண்ட அதே தேதியில், எலிசபெத் கோட்டையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, வுட்ஸ்டாக்கில் ஓராண்டுக்கு அண்மையாகக் காவலில் வைக்கப்பட்டார். மையும் தாளும் கேட்டாலும் காவலர் அரசவையின் அனுமதிக்காகக் காத்திருந்த காலம் அது. அங்கே சன்னல் கண்ணாடியில் வைரத்தால் கீறி ஒரு சிறு பாடல் எழுதினார் எனச் சொல்வர். ஐயங்கள் பல எழுந்தும் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அதன் கருத்து. வழக்கறிஞரின் நுட்பமும் கவிஞரின் சுருக்கமும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன.

1558ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் மேரி மறைந்தார். இருபத்தைந்து வயதில் எலிசபெத் அரசியானார். அவர் கைக்கு வந்த நாடு நொந்துபோன நாடு. பிரான்சில் எஞ்சியிருந்த கலே துறைமுகம் அவ்வாண்டுத் தொடக்கத்தில் பறிபோயிருந்தது. நாணயம் மதிப்பிழந்திருந்தது. மேரியின் ஆட்சியில் ஏறத்தாழ 280 பேர் சமயத்தின் பெயரால் எரிக்கப்பட்டிருந்தனர். அவருக்கு முன் ஆண்ட தம்பி எட்வர்டின் காலத்திலோ மறுசாராரின் பலிபீடங்கள் உடைக்கப்பட்டிருந்தன. இரு தரப்பும் ஒரே கோவிலில் தொழவேண்டும், எப்படி?

1559இல் அவர் கண்ட விடை சொல்லைச் சார்ந்தது. தந்தை ஹென்றி தம்மைத் திருச்சபையின் தலைவர் என்றார். மகள் அந்தச் சொல்லை விடுத்து ஆளுநர் என்ற சொல்லை ஏற்றார். பெண் திருச்சபைக்குத் தலையாவதைப் பொறாதவர்களும் கிறிஸ்துவே தலை என்போரும் ஓரளவு அமைதியுற்றனர். பொது வழிபாட்டு நூலில் அதைவிட நுட்பமான வேலை நடந்தது. அப்பத்தை வழங்குகையில் குரு சொல்லும் வாசகம் 1549ஆம் ஆண்டு நூலில் ஒன்று. 1552ஆம் ஆண்டு நூலில் வேறொன்று. முன்னது கிறிஸ்துவின் உடலே அப்பத்தில் உள்ளது என்போருக்கு உகந்தது. பின்னது அது நினைவுச் சடங்கே என்போருக்கு உகந்தது. புதிய நூல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரே வாசகம் ஆக்கியது. கேட்பவர் தமக்குரிய பாதியைக் கேட்டுக்கொள்ளலாம். கவிஞர்கள் சிலேடை என்பார்கள். அங்கே அது பல உயிர்களைக் காத்தது. எல்லா உயிரையும் அன்று என்பது பின்னர் தெரியவந்தது.

அரசியார் மணஞ்செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றம் 1559இலும் 1563இலும் 1566இலும் வேண்டியது. 1562இல் பெரியம்மை கண்டு அவர் இறப்பின் விளிம்பைத் தொட்டு மீண்டபின் அவ்வேண்டுகோள் அச்சமாகவே மாறியிருந்தது. ஒவ்வொரு முறையும் நீண்ட, அழகிய, அடுக்குத் தொடர்கள் நிறைந்த மறுமொழி ஒன்று கிடைத்தது. உறுப்பினர்கள் வீடு திரும்பி அதைப் பிரித்துப் பார்த்தபோது, மணப்பேன் என்றோ மாட்டேன் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஸ்பெயின் மன்னர், சுவீடன் மன்னர், ஆஸ்திரியக் கோமகன் எனக் கேட்டு வந்தோர் பலர். மறுப்பு வரும்வரை ஒவ்வொரு நாடும் நட்பு நாடு. மறுப்பைத் தள்ளிப்போடுவதையே அவர் வெளியுறவுக் கொள்கையாக நடத்தினார். உள்ளத்தில் இடம்பெற்றவர் ராபர்ட் டட்லி ஒருவரே என்று அக்காலத்தவர் கருதினர். 1560இல் டட்லியின் மனைவி மாடிப்படியின் அடியில் கழுத்து முறிந்து கிடக்கக் காணப்பட்டதும், டட்லியை மணப்பது அரியணையை இழப்பதற்கு ஒப்பாகிவிட்டது.

கடைசியாக வந்தவர் பிரெஞ்சு மன்னரின் தம்பி அஞ்சு கோமகன். 1579இல் அவர் நேரில் வந்தபோது அரசியாருக்கு வயது நாற்பத்தைந்து. கோமகன் கத்தோலிக்கர், வயதில் இருபதாண்டுக்கு மேல் இளையவர். அரசியார் இம்முறை மெய்யாகவே மனம் சாய்ந்தார் எனத் தோன்றியது. ஜான் ஸ்டப்ஸ் என்ற சட்டம் பயின்ற ஒருவர் இத்திருமணத்தைக் கண்டித்துச் சிறுநூல் எழுதி அச்சிட்டார். அரசியாரின் மீது அன்பு கொண்ட சீர்திருத்தச் சமயத்தவர் அவர். நூல் பறிமுதல் செய்யப்பட்டது. மேரியின் காலத்தில் மேரியின் கணவரைக் காக்க இயற்றிய சட்டம் ஒன்று இருந்தது; அச்சட்டம் மேரியோடு காலாவதி ஆயிற்று எனச் சட்டம் அறிந்தோர் சிலர் எடுத்துரைத்தனர். அவர்கள் சொல் எடுபடவில்லை. நவம்பர் 3ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் மேடை அமைந்தது. எழுதிய ஸ்டப்ஸின் வலக்கையும், நூலைப் பரப்பிய வில்லியம் பேஜின் வலக்கையும் மணிக்கட்டில் வெட்டுக்கத்தி வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துத் துண்டிக்கப்பட்டன. ஸ்டப்ஸ் எஞ்சிய இடக்கையால் தொப்பியைக் கழற்றி அரசியாரை வாழ்த்திவிட்டு மயங்கி விழுந்தார். கூட்டம் ஓசையின்றி நின்றது. வரலாற்றாசிரியர் கேம்டன் அக்கூட்டத்தில் ஒருவராக நின்று இதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

அதே காலத்தில், அதே திருமணத்தைக் கண்டித்து, அரசியாருக்கே கடிதம் எழுதினார் பிலிப் சிட்னி. அவர் கவிஞர், டட்லியின் உடன்பிறந்தாள் மகன். கடிதம் கையெழுத்துப் படிகளாகப் பலரிடம் உலவியது. சிட்னிக்குக் கை போகவில்லை. சிலகாலம் அரசவையை விட்டு விலகியிருந்ததோடு சரி. குடிப்பிறப்பின் வேறுபாடு அது என்பதில் ஐயமில்லை. கையெழுத்துக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. நால்வர் படித்தால் அறிவுரை. நாலாயிரவர் படித்தால் இராஜதுரோகம். சிட்னியின் சானட்டுகளைப் போற்றும் நூல்களில் ஸ்டப்ஸின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. ஸ்டப்ஸ் இடக்கையால் எழுதப் பழகி, இடக்கையன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தம் பெயரோடு இட்டுக் கையொப்பமிட்டார். பின்னாளில் அரசின் சார்பாக மறுப்புநூல் எழுத ஆள் தேவைப்பட்டபோது, அமைச்சர் செசில் அந்த இடக்கையையே நாடினார். திருமணமும் நடக்கவில்லை. 1582இல் கோமகன் விடைபெற்றுச் சென்றபோது, அன்பை வெளிக்காட்ட முடியாமல் உள்ளே எரியும் ஒரு நெஞ்சைப் பாடிய கவிதை ஒன்று அரசியாருடையதென வழங்குகிறது. நல்ல கவிதை. அதை எழுதிய கைக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை.

அடுத்த சோதனை ஸ்காட்லாந்தின் மேரி. தம் நாட்டை இழந்து 1568இல் அடைக்கலம் தேடி வந்த அவர், எலிசபெத்துக்கு அடுத்து அரியணைக்கு உரியவர், கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. 1569இல் வடபகுதி கிளர்ந்தது. 1570இல் போப்பாண்டவர் எலிசபெத்தை விலக்கி, குடிகள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என ஆணையிட்டார். அந்நாட்களில் அரசியார் எழுதிய, பகைவரை எச்சரிக்கும் கவிதையை 1589இல் வெளிவந்த கவிதைக்கலை நூல் ஒன்று உயர்ந்த அணிக்கு எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறது. அணி எதுவாயினும், வாள் துருப்பிடித்திருந்தாலும் வெட்டும் என்ற பொருள் யாருக்கும் விளங்காமல் போகவில்லை.

1586இல் பாபிங்டன் சதி வெளிப்பட்டது. தூக்கிலிட்டு உயிரோடு வயிறு கிழிக்கப்பட்டவர்களுள் சிடியாக் டிச்போர்ன் என்ற இளைஞர் ஒருவர். இறப்பதற்கு முன் கோட்டைச் சிறையில் தம் முடிந்துபோன இளமையைப் பற்றி மூன்று பத்தியில் ஒரு கவிதை எழுதி மனைவிக்கு அனுப்பினார். இன்றும் ஆங்கிலக் கவிதைத் தொகுப்புகளில் அது இடம்பெறுகிறது. முதல்நாள் கொலைகளின் கொடுமை கேட்டு மறுநாள் சாகவேண்டியவர்களை உயிர்போகும்வரை தூக்கிலேயே விடுமாறு அரசியார் பணித்தார். டிச்போர்ன் முதல்நாள் பட்டியலில் இருந்தார்.

மேரியைக் கொல்ல வேண்டும் என நாடாளுமன்றம் வற்புறுத்தியது. அரசியார் தந்த விடை, விடையாகாத விடை என்று அவரே கூறிக்கொண்ட விடை. அதன் அச்சுப்படிக்கு முன் தம் கையால் வரிவரியாகத் திருத்திய தாள்கள் இன்றும் இருக்கின்றன. 1587 பிப்ரவரி முதல்நாள் தூக்காணை போன்ற அந்தக் கொலையாணையில் கையொப்பமிட்டார். எட்டாம் நாள் மேரியின் தலை வீழ்ந்தது. ஆணையை அனுப்பச் சொல்லவில்லை என்று சீறி, அதைக் கொண்டுசென்ற செயலாளர் டேவிசனைச் சிறையிலிட்டார். கையொப்பம் வேறு, ஆணை வேறு என்ற வாதத்தை ஐரோப்பாவில் நம்பியவர் அதிகம் இல்லை. இளமையில் கடிதத்தில் சாய்கோடிட்டுப் பிறர் சொல் நுழையாமல் தடுத்த கை, இப்போது தன் சொல்லையே தனதன்று என்றது. அவர் வாழ்வில் மன்னிக்க மிகவும் கடினமான செயல் இது. மேரியின் மரணத்தைவிட டேவிசனுக்கு நேர்ந்தது.

1588இல் ஸ்பெயினின் கடற்படை, ஏறத்தாழ 130 கப்பல்கள், வந்து சிதறியது. டில்பரி முகாமில் படைகளுக்கு அரசியார் ஆற்றிய உரை உலகப்புகழ் பெற்றது. அவர் பேசுவதற்கு முன்பே கிரேவலைன்ஸ் கடற்போர் முடிந்து பகைக்கப்பல்கள் வடக்கே விலகியிருந்தன. உரையின் அச்சுவடிவமோ 1654இல்தான் வெளிவந்தது. வென்ற மாலுமிகளுள் பலர் ஊதியம் பெறாமலே துறைமுகங்களில் நோயால் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் டட்லி இறந்தார். அவருடைய கடைசிக் கடிதம் இது என்று அதன் மேல் குறித்து, அரசியார் இறக்கும்வரை படுக்கையருகே பேழையில் வைத்திருந்தார்.

கவிஞர்களின் நிலைக்கு வரலாம். எட்மண்டு ஸ்பென்சர் அரசியாரைத் தேவதைகளின் அரசியாக்கிக் காவியம் பாடினார். 1590இல் முதல் மூன்று காண்டங்கள் வெளிவந்தன. ஆண்டுக்கு 50 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது. அரசு கவிதைக்கு நேரே கொடுத்த பரிசுகளில் பெரிது இதுவே எனலாம். காவியத்தை ஸ்பென்சர் பெரும்பாலும் எழுதியது அயர்லாந்தில், மண்ணின் மக்களிடமிருந்து பறித்த நிலத்தில். 1598இல் கலகக்காரர் அவருடைய வீட்டை எரித்தனர். 1599 ஜனவரியில் லண்டனில் இறந்தார். கவிஞர்கள் அவர் உடலைச் சுமந்து சென்று, இரங்கற்பாக்களையும் அவற்றை எழுதிய பேனாக்களையும் புதைகுழிக்குள் இட்டனர். அதே ஆண்டு ஜூன் மாதம் பேராயர்களின் ஆணைப்படி அங்கதப் பாடல்கள் தடைசெய்யப்பட்டு, ஓவிட்டின் காதற்பாக்களுக்கு மார்லோ செய்த மொழிபெயர்ப்பும் தீயிலிடப்பட்டது. கத்தோலிக்கக் குருவும் நல்ல கவிஞருமான ராபர்ட் சவுத்வெல் 1595இல் சித்திரவதைக்கும் சிறைக்கும் பின் டைபர்னில் தூக்கிலிடப்பட்டிருந்தார். வால்ட்டர் ராலி அரசியாரை நிலாத்தெய்வமாகப் பாடியவர். அரசியாரின் தோழியை மறைவாக மணந்ததற்காக 1592இல் சிறை கண்டார். இவற்றுக்கிடையே ஒரு சிரிப்பும் உண்டு. அரசியாரின் ஞானமகன் ஹாரிங்டன், இத்தாலியக் காவியம் ஒன்றின் காமச்சுவைப் பகுதியை மட்டும் பெயர்த்துப் பெண்களிடையே உலவவிட்டார். முழுக் காவியத்தையும் பெயர்த்து முடிக்கும்வரை அரண்மனைப் பக்கம் வரக்கூடாது என அரசியார் தண்டித்தார் என்பர். 1591இல் அம்மொழிபெயர்ப்பு அச்சேறியது. இதைவிடப் பயனுள்ள தண்டனை இலக்கிய உலகில் அரிது.

நாடகத்தை நகரத்தார் வெறுத்தனர். நோய்க்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் அரங்குகளே காரணம் என்றனர். அரசியாரின் பொழுதுபோக்குக்கு நடிகர்கள் பயிற்சியோடு இருக்கவேண்டும் என்ற ஒரே சாக்கில் அரசவை அவற்றைக் காத்தது. அந்தச் சாக்கு இல்லையேல் ஷேக்ஸ்பியர் எங்கே எழுதியிருப்பார் என எண்ணிப்பார்க்கத் தகும்.

மொழிக்கு அவர் செய்ததும் செய்யாததும் வேறு. 1563இல் விவிலியத்தை வேல்ஸ் மொழியில் பெயர்க்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1588இல் வில்லியம் மார்கன் முழுநூலையும் வெளியிட்டார். ஆங்கிலத்துக்கு அண்டையில் இருந்தும் வேல்ஸ் மொழி அழியாமல் நின்றதற்கு அந்நூல் பெருங்காரணம் என்பது அம்மக்களின் கருத்து. சட்டத்தின் நோக்கம் மொழியைக் காப்பதன்று, சமயத்தைப் பரப்புவதே. பலன் மொழிக்குக் கிடைத்தது. ஐரிஷ் மொழிக்கும் அரசியார் அச்செழுத்து வார்க்கப் பொருள் தந்தார். 1571இல் டப்ளினில் அம்மொழியில் நூல் வந்தது. ஆனால் அதே அயர்லாந்தில் அவருடைய படைகள் பயிரை எரித்துப் பஞ்சத்தை ஆயுதமாக்கின. அச்செழுத்தும் தீயும் ஒரே கருவூலத்திலிருந்து சென்றவை. அடிமை வாணிகத்துக்குப் புறப்பட்ட ஹாக்கின்சுக்கு 1564இல் தம் கப்பலைத் தந்ததும், 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிழக்கிந்திய வணிகக் குழுவுக்கு உரிமைச் சாசனம் வழங்கியதும் இவ்வரசியாரே. பின்னையது 1639இல் சென்னைக் கடற்கரை வரை வந்து சேர்ந்த கதை அறியாதாரில்லை.

முதுமையில் அவர் மொழிபெயர்ப்புக்கே திரும்பினார். 1593இல், அறுபது வயதில், சிறையில் மரணத்தை எதிர்நோக்கிப் போயத்தியஸ் எழுதிய இலத்தீன் நூலைச் சில வாரங்களில் ஆங்கிலமாக்கினார். உரைநடைப் பகுதிகள் பெரும்பாலும் செயலாளர் கையில். பாடல்கள் பெரும்பாலும் அரசியாரின் கையில். 1598இல் ஹொரேசின் கவிதைக்கலையில் ஒரு பகுதி. லாம்பெத் அரண்மனை நூலகத்தில் இருந்த டாசிட்டசின் மொழிபெயர்ப்பு ஒன்றும் அவருடையதே என்று 2019இல் ஆய்வாளர் ஒருவர் கண்டறிந்து வெளியிட்டார். படியெடுத்தவர் வேறொருவர், திருத்தங்களின் கிறுக்கெழுத்து அரசியாரைக் காட்டிக்கொடுத்தது. கொடுங்கோலர் தைபீரியசின் ஆட்சியை விரிக்கும் நூல் அது. எதற்காகப் பெயர்த்தார் என்பதற்கு ஒரு குறிப்பும் விட்டுச்செல்லவில்லை. 1597இல் போலந்துத் தூதர் ஒருவர் அவையில் செருக்கோடு பேசியபோது, எழுந்து நின்று முன்னேற்பாடு ஏதுமின்றி இலத்தீனிலேயே அவரைக் கண்டித்து அமரவைத்த கதையை அவையினர் நெடுநாள் சொல்லி மகிழ்ந்தனர்.

அன்புக்குரியவராக இருந்த எசெக்ஸ் பிரபு 1601 பிப்ரவரி 8ஆம் நாள் கலகம் செய்தார். முந்தைய நாள் அவருடைய நண்பர்கள் நாற்பது ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்து, மன்னன் ஒருவன் முடியிழக்கும் ‘இரண்டாம் ரிச்சர்டு’ நாடகத்தை ஷேக்ஸ்பியரின் குழுவினரை நடிக்கச் செய்திருந்தனர். அந்த ரிச்சர்டு யார் என்பது அரசியாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்டப்ஸின் கையை வாங்கியவர், இம்முறை நடிகர்களையும் ஆசிரியரையும் ஒன்றும் செய்யவில்லை. எசெக்ஸ் வெட்டுண்டதற்கு முந்தைய மாலை அதே குழு அவர்முன் நாடகம் ஆடியது. மனம் கனிந்ததா, களைத்ததா என்று சொல்வதற்கில்லை. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், தனியுரிமை வணிகத்தை எதிர்த்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தவற்றை ஒப்புக்கொண்டு, குடிகளின் அன்பே தம் ஆட்சியின் பெருமை என்ற கருத்தில் அவர் பேசியது பொன்னுரை எனப் பெயர்பெற்றது.

1603ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ரிச்மண்டு அரண்மனையில் நோயுற்றார். முடிசூடிய நாள்முதல் அணிந்த மோதிரம் சதையில் புதைந்துவிட்டமையால் அதை அராவி எடுக்க நேர்ந்தது. படுக்கைக்குச் செல்ல மறுத்துத் தரையில் மெத்தைகளின் மேல் நாட்கணக்கில் அமர்ந்திருந்தார், உண்ணவும் மறுத்தார். பிறகு பேச்சு நின்றது. அடுத்து ஆள்பவர் யார் என்று அமைச்சர்கள் கேட்டபோது கையசைவால் ஒப்புதல் தெரிவித்தார் என்று அவர்கள் கூறினர். ஸ்காட்லாந்து மேரியின் மகன் ஜேம்ஸ் அரசுரிமை பெற்றார். மார்ச் 24ஆம் நாள் விடியுமுன் அரசியார் இறந்தார்.

1606இல் ஜேம்ஸ் அவருடைய பேழையை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், தமக்கை மேரியின் பேழையோடு ஒரே கல்லறையில் வைத்தார். மேலே சலவைக்கல்லில் கிடப்பது எலிசபெத்தின் உருவம் மட்டுமே. அடியில் இலத்தீன் வரிகள் இருவரின் பெயரையும் சொல்கின்றன. 1554இல் தங்கை கேட்ட நேர்காணலுக்கு அன்று மேரி இசையவில்லை. அந்தக் கடிதம் லண்டனின் கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில், சாய்கோடுகள் மங்காமல் இருக்கிறது.